ஏலக்காம்மாவுக்கும் அவருதான் வூட்டுக்காரரு

அன்னிக்கு வேல ஒண்ணே ஒண்ணுதான். செஞ்சி டவுன்ல ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போயி, ஒரு பாரத்துல முத்திர வாங்கிட்டு வரணும்.

போனோமா வந்தோமான்னு பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிடலாம்னு நெனச்சு, அடுப்புல பருப்ப வேற போட்டுட்டுப் போனேன். எனக்குக் கொஞ்சம் நம்பிக்க ஜாஸ்தி.

எந்த ஆபீசுன்னு கேக்காதீங்க. அங்க இருந்த குமாஸ்தாவோட பேரப்புள்ளைங்க இன்னமும் ஊர்லதான் இருக்காங்க. எனக்கு இப்ப முட்டி வலி, ஓட முடியாது.

பாரம் எனக்கில்ல. எங்க வூட்டு மாடியில இருந்த ஜெர்மன்காரிக்கு.

அவ பேரு ஹெல்கா. எங்க ஊரு வாயில அந்தப் பேரு நாலு நாள்தான் தாங்குச்சு. மொதல்ல எல்கா ஆச்சு. அப்பறம் ஏலக்கா ஆச்சு. மரியாத குடுக்கணுமேன்னு ஏலக்காம்மான்னு ஆக்கிட்டாங்க. அது ஏதோ பட்டம்னு நெனச்சு அவளும் தலைய ஆட்டிக்கிட்டா.

கடல் தாண்டி இம்மாந்தூரம் இன்னாத்துக்கு வந்தான்னு கேக்கறீங்களா? மல்லாட்டைக்கு. நெசமாத்தான்! நம்மூரு மல்லாட்டையத் திங்கற கம்பளிப்பூச்சியப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்தா. நீங்க நிலக்கடலைன்னு சொல்றீங்களே, அதான் எங்களுக்கு மல்லாட்டை.

படிப்புல டாக்டர் பட்டம் வேற. அந்த 'டாக்டர்'ங்கற ஒரு வார்த்த ஊர் காதுல வுழுந்துச்சு, அவ்ளோதான். வெடிஞ்சா வாசல்ல கைப்புள்ளைங்களோட ஒரு கூட்டம். ஒருத்தரு எருமையவே ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஏலக்காம்மாவும் பொறுமையா எருமை வாயத் தொறந்து பாத்துட்டு, "மன்னிக்கவும் ஐயா, இது நிலக்கடலை அல்ல"ன்னா.

ஆமா, அப்படித்தான் பேசுவா. தமிழ புஸ்தகத்துல கத்துக்கிட்டு வந்தவ. நாம "வந்துட்டேன்"ம்போம். அவ "வந்துவிட்டேன்"ம்பா. புஸ்தகத்துல இல்லாத வார்த்தைய எங்கிட்டதான் கேட்டுக்குவா. நான்தான் வாத்தியாரு. அந்த வாத்தியாரு லட்சணத்தத்தான் இப்ப சொல்லப் போறேன்.

அவ இந்த ஊர்ல இருக்கறதுக்கு ரெண்டு வருசம்தான் அனுமதி. அந்தக் கெடு மறுநாளோட முடியுது. இன்னும் ஒரு மழைக்காலம் இருக்கணும்னா, "இந்தம்மா இன்னார் வூட்லதான் இருக்காங்க"ன்னு எங்க ஊரு ஆபீசுல முத்திர குத்தி, மறுநாள் காலையில கடலூருக்குக் கொண்டு போவணும். இல்லன்னா மூட்ட கட்ட வேண்டியதுதான்.

எதுக்கு இன்னொரு மழைன்னு கேளுங்க. அதுக்கும் எங்க வூடுதான் காரணம்.

நாங்க சமணருங்க. மேல்சித்தாமூர் மடத்தச் சேந்தவங்க. ஊர்ல நயினாருங்கன்னு சொல்லுவாங்க. எங்க வூட்ல எறும்பு வந்தாக்கூட மொறத்துல வாரி வெளிய வுடுவோம். அந்த வூட்டு மாடியில இவ நாப்பது கண்ணாடி ஜாடியில கம்பளிப்பூச்சிக் கூட்டுப்புழுவ மண்ணோட அடச்சு வச்சிருந்தா. ஒரு வருசத்து உழைப்பு!

எங்க மாமியாருக்கு அது தாங்கல. "ஏண்டி, வாயில்லாத சீவன அடச்சு வச்சா இந்தக் குடும்பம் வெளங்குமாடி?"ன்னு தெனமும் பொலம்புவாங்க. ஒரு நாளு ஏலக்காம்மா பனமலை பக்கம் மல்லாட்டைக் கொல்லயப் பாக்கப் போயிருந்தா. எங்க அத்தை நாப்பது ஜாடியையும் எறக்கி, பக்கத்துக் கொல்லயில கொட்டி, "போய்ப் பொழச்சுக்குங்க"ன்னு கும்புட்டுட்டு வந்துட்டாங்க.

பூச்சி பொழச்சுக்கிச்சு. பக்கத்துக் கொல்லக்காரரு இன்னிக்கும் எங்ககிட்ட பேசறதில்ல.

ஏலக்காம்மா காலி ஜாடியப் பாத்தா. அழுதா. அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "பரவாயில்லை. அடுத்த மழையில் மறுபடியும் தொடங்குகிறேன்"ன்னா.

இங்கதான் இன்னொரு சிக்கலு. அவளுக்குன்னு ஒருத்தரு இருந்தாரு. பேரு ஓட்டோ. அவரும் ஜெர்மன்காரரு, இஞ்சினியரு. வடக்க எங்கியோ ஒரு இரும்பு ஆலை கட்டற எடத்துல வேல. அந்த வேல முடிஞ்சுபோச்சு. "அடுத்த வாரம் கப்பல். ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். ஒண்ணு உனக்கு. நேர்ல வர்றேன், பதிலச் சொல்லு"ன்னு லெட்டர் போட்டுட்டாரு. அவரு வர்ற நாளும் அதே நாளுதான்!

மொத நாள் சாயங்காலம் நான் கேட்டேன். "ஏலக்காம்மா, நீ போவணுமா இருக்கணுமா?"

"எனக்கு அவரும் வேண்டும். கம்பளிப்பூச்சியும் வேண்டும்."

"எது ஜாஸ்தி வேணும்?"

"அதைத்தான் நான் இரண்டு ஆண்டுகளாக ஆராய்கிறேன்"ன்னா.

நானும் பெரிய மனுசியாட்டம், "பூச்சி மழைக்குத்தான் வரும். ஆம்பள எங்க போவப் போறான்?"ன்னேன். எனக்கு அப்ப இருவத்திரண்டு வயசு. எல்லாம் தெரியற வயசு.

சரி, ஆபீசுக்கு வருவோம்.

பாரத்துல எங்க வூட்டுக்காரரும் கையெழுத்துப் போடணும். அவரு விடிகாலையிலயே கஞ்சியக் குடிச்சிட்டு மல்லாட்டை மூட்டையோட அவலூர்பேட்டை சந்தைக்குப் போயிட்டாரு. "நீங்க முன்னாடி போயி எழுத வைங்க. நான் பத்தர மணி பஸ்ஸுல நேரா ஆபீசுக்கே வந்துடறேன்"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

நானும் ஏலக்காம்மாவும் பத்து மணிக்குப் போயி பெஞ்சுல ஒக்காந்தோம். குமாஸ்தா மூக்குக் கண்ணாடிய ஏத்திவுட்டுக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"எந்த தேசம்?"

"ஜெர்மனி."

"இங்க யார்கூட இருக்கீங்க?"

ஏலக்காம்மா நிமிந்து ஒக்காந்தா. "நான் என் வீட்டுக்காரருடன் வசிக்கிறேன்!"

குமாஸ்தா பேனா நின்னுடுச்சு. "ஆங்? வீட்டுக்காரரா? இங்கயா?"

"ஆம். இரண்டு ஆண்டுகளாக. மிகவும் நல்லவர். மழையில் ஒழுகினால் அவரே கூரை மேல் ஏறி ஓடு மாற்றுவார்."

"நான் இதே ஊர்லதான் இருக்கேன், கேள்விப்படவே இல்லியே!"ன்னு சொல்லிட்டு எம்பக்கம் திரும்புனாரு. "நீ யாரும்மா?"

"நான் அவரு சம்சாரம்."

"எவரு?"

"அதான், இவங்க சொன்னாங்களே, வூட்டுக்காரரு. அவரு."

குமாஸ்தா என்னப் பாத்தாரு. அவளப் பாத்தாரு. மறுபடியும் என்னப் பாத்தாரு. கொரல எறக்கி, "இவங்களுக்கும் அவருதான் வீட்டுக்காரரா?"ன்னாரு.

"ஆமா, பின்ன? ஒரே வூடுதானே!"

"உனக்கு இதுல... சம்மதமாம்மா?"

"நான்தாங்க மொதல்ல சரின்னதே! எங்க அத்தைக்குத்தான் மனசில்ல. மாடி சும்மாத்தான் கெடக்குது, வந்து இருந்துட்டுப் போவட்டுமேன்னு நான்தான் பேசிச் சம்மதிக்க வச்சேன்."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "சமையலு?"

"தனித்தனிதாங்க. அவங்க முட்ட சாப்புடுவாங்க, எங்க வூட்ல அது ஆவாது. வெளிய போயி சாப்ட்டு வருவாங்க."

"சண்ட சச்சரவு?"

"ஒரே ஒரு தடவ. பூச்சி விசயமா."

"எம்மா"ன்னாரு குமாஸ்தா. "எனக்கும் ஒரு சம்சாரம் இருக்குது. எங்க அக்கா ரெண்டு நாளைக்கு வந்து தங்குனாவே மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா. உன்ன மாதிரி ஒரு பொம்பளைய நான் பாத்ததே இல்ல."

எனக்குப் பெரும தாங்கல! வூட்ல ஒருத்திக்கு எடம் குடுத்ததுக்கு கவர்ன்மென்ட்ல இவ்ளோ மரியாதையான்னு மொந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு ஒக்காந்தேன்.

"சரி, வூட்டுக்காரர் பேரு இன்னா?"

அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

அந்தக் காலத்துல புருசன் பேரச் சொல்ல மாட்டோம். சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. ரேசன் கார்டு எழுதப் போனப்பவும் இதே கததான். மூணு தடவ போயி, மூணு தடவையும் பேரச் சொல்லாம காலி பையோட திரும்பி வந்தேன். நாலாவது தடவ கடைக்காரரே, "எம்மா, நீ வாயத் தொறக்க வேணாம், நானே கண்டுபுடிச்சுட்டேன்"னு எழுதிக் குடுத்தாரு. வூட்ல வந்து பாத்தா எங்க மாமனாரு பேரு! ஒரு வருசம் அந்தக் கார்டுலதான் சக்கர வாங்குனோம்.

அதனால அன்னிக்கு உசாரா ஜன்னலுக்கு வெளிய கையக் காட்டுனேன். "தோ, மல தெரியுதுங்களா?"

குமாஸ்தா எட்டிப் பாத்தாரு. "ராஜகிரி. வூட்டுக்காரர் பேரு ராஜாவா?"

"அது இல்லீங்க. இந்தாண்ட."

"கிருஷ்ணகிரி. கிருஷ்ணனா?"

"அதுவும் இல்லீங்க. கோட்டைக்கு மொத்தம் மூணு மலைங்க!"

"மூணாவது மலைக்கு நான் ஏறுனதே இல்லியேம்மா!"ன்னு சொல்லிட்டு பியூனக் கூப்புட்டாரு. பியூனு ஒரு பேரு சொல்ல, பக்கத்து மேஜக்காரரு இன்னொரு பேரு சொல்ல, ஆபீசே ஜன்னல்ல தொங்குது.

ஏலக்காம்மாவுக்குப் பொறுக்கல. எழுந்து நின்னு, ஸ்கூல்ல பதில் சொல்ற மாதிரி சத்தமாச் சொன்னா. "எங்கள் வீட்டுக்காரர் பெயர் சந்திரநாத நயினார்!"

மூணாவது மல பேருலயும் அந்தச் சந்திரன்தான். ஆனா, 'எங்கள்.'

குமாஸ்தா பெருமூச்சு வுட்டுக்கிட்டு இங்கிலீசுல எழுதுனாரு. உள்ள ஆபீசருகிட்ட கொண்டு போனாரு. அர மணி ஆச்சு. ஒரு மணி ஆச்சு. பியூனு மட்டும் வந்து வந்து எங்க ரெண்டு பேரையும் ஜோடியாப் பாத்துட்டுப் போனான். எனக்கு அடுப்புல இருக்கற பருப்பு நெனப்பு.

அப்பறம் உள்ள கூப்ட்டாங்க. ஆபீசரு நெத்தியில பட்டை, மொகத்துல சிரிப்பே கெடையாது.

"இந்தப் பாரம் செல்லாது. நம்ம நாட்டுக்காரரக் கட்டிக்கிட்டவங்களுக்கு வேற பாரம். கடலூர்லருந்து வரவழைக்கணும். பத்து நாளாவும்."

"அய்யா, கெடு நாளைக்கு!"ன்னேன்.

"அதவிடப் பெரிய விசயம் இருக்குது. மொத சம்சாரம் உயிரோட இருக்கறப்ப ரெண்டாவது கட்டறது சட்டப்படி குத்தம். அந்த ஆளு வரட்டும்."

"யாருங்க மொத சம்சாரம்?"

"நீதாம்மா."

"அப்ப ரெண்டாவது?"

ஆபீசரு பேனாவால ஏலக்காம்மாவக் காட்டுனாரு.

அப்பதான் எனக்கு மண்டையில ஏறுச்சு. ஏறுனது அப்படியே கால் வரைக்கும் எறங்குச்சு.

"அய்யய்யோ! அப்படி இல்லீங்க! அவரு எனக்கு வூட்டுக்காரரு. இவங்களுக்கு வெறும் வூட்டுக்காரரு! ரெண்டும் வேறங்க!"

"இன்னா வேற?"

"எனக்கு... அந்த வூட்டுக்காரரு. இவங்களுக்கு... வூட்டுக்கு மட்டும் காரரு!"

ஆபீசரு குமாஸ்தாவப் பாத்தாரு. குமாஸ்தா, "பாவம் சார், கேஸுன்ன உடனே புருசனக் காப்பாத்தப் பாக்குது"ன்னாரு.

யாரு மேல குத்தம் சொல்றது? நான்தானே வாத்தியாரு! அவ வந்த புதுசுல எங்க வூட்டுக்காரரக் காட்டி, "இவர் யார்?"னு கேட்டா. புருசன்னு சொல்ல எனக்குக் கூச்சம். பேரச் சொல்ல பயம். "எங்க வூட்டுக்காரரு"ன்னேன். அவ அகராதியத் தொறந்து பாத்தா. மொத அர்த்தம், வூட்டுக்குச் சொந்தக்காரரு. சரியாத்தானே இருக்குதுன்னு மூடி வச்சுட்டா. ரெண்டு வருசமா ஊர் பூரா அப்படியே சொல்லிக்கிட்டும் இருந்திருக்கா. டீக்கடையில, தபாலாபீசுல, பஸ்ஸுல! எங்க வூட்டுக்காரரு தெருவுல போனா பெரிய மனுசனுங்கல்லாம் ஏன் ஒரு மாதிரி பாத்து வழி வுடறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அவரு அது தன்னோட நேர்மைக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு.

இந்தக் கூத்து நடக்கறப்ப ஓட்டோ வந்து சேந்தாரு.

அவரு கத தனி. மெட்ராஸ் பஸ்ஸுல எறங்கி, விசாரிச்சு விசாரிச்சு மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் போயிருக்காரு. அது எலெக்சன் நேரம். அத்தை கதவத் தொறந்தா, செவப்பா ஒசரமா ஒரு ஆளு நெஞ்சத் தொட்டுக் காட்டி, "ஓட்டோ! ஓட்டோ!"ங்கறாரு. அத்தை கையெடுத்துக் கும்புட்டு, "ரெண்டு கட்சிக்காரனுக்கும் ஏற்கெனவே வாக்குக் குடுத்துட்டோம்பா. உனக்குப் போட இந்த வூட்ல ஓட்டு மிச்சமில்ல"ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாங்க.

டீக்கடைக்காரங்கதான் அவரக் கூட்டியாந்தாங்க. வழி தெரியாத வெள்ளக்காரங்க நின்னா எங்க ஊர்ல அந்த ஆபீசுலதான் கொண்டாந்து சேப்பாங்க, தபால் மாதிரி.

வாசல்ல குமாஸ்தா மடக்கிட்டாரு. அவருக்கு இங்கிலீசு பேச ஒரு ஆளு கெடச்ச சந்தோசம்! "யூ வான்ட் மேடம்? மேடம் இன்சைடு. மேடம் ஹஸ்பெண்ட் கமிங். ப்ளீஸ் வெயிட்."

"ஹஸ்பெண்ட்?"

"எஸ், எஸ். டூ இயர்ஸ்! வெரி ஹேப்பி பேமிலி!"

ஓட்டோ அப்படியே பெஞ்சுல ஒக்காந்தாரு. தொப்பி கீழ வுழுந்துச்சு. எடுக்கல. நாங்க வெளிய ஓடியாந்தப்ப சட்டப் பையிலருந்து ரெண்டு டிக்கெட்ட எடுத்து, ஒண்ண மட்டும் பெஞ்சு மேல வச்சுட்டு, மத்ததத் திருப்பிப் பையிலயே போட்டுக்கிட்டாரு.

அதப் பாத்ததும் ஏலக்காம்மா மொகத்துல ரத்தமே இல்ல. ரெண்டு வருசமா எது ஜாஸ்தின்னு ஆராய்ச்சி பண்ணவளுக்கு அந்த ஒரு நொடியில விட தெரிஞ்சுபோன மாதிரி இருந்துச்சு.

அவங்க பாஷையில பேச ஆரம்பிச்சாங்க. பாஷ தெரியலன்னா இன்னா, சண்ட தெரியாதா? அவரு "ஹஸ்பெண்ட்"ங்கறாரு, அவ "நைன், நைன்"ங்கறா. நைன்னா அவங்க பாஷையில இல்லன்னு அர்த்தமாம். குமாஸ்தா எங்காதுல, "ஒம்போதா? அதையும் பாரத்துல சேக்கணுமா?"ன்னாரு.

ஏலக்காம்மா பையிலருந்து அந்தத் தடி தமிழ்-இங்கிலீசு அகராதிய எடுத்தா. வி... வீ... வீட்டுக்காரர். மொத அர்த்தம், வீட்டுச் சொந்தக்காரர். வெரல எறக்குனா. ரெண்டாவது அர்த்தம், கணவன்.

ரெண்டு வருசம் கழிச்சு ரெண்டாவது வரியப் படிச்சா.

சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க! பெஞ்சப் புடிச்சுக்கிட்டு, மூக்கெல்லாம் செவந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அகராதிய ஓட்டோ மடியில வச்சா. அவரு படிச்சாரு. சிரிக்கல. சந்தேகமா என்ன வேற ஒரு பார்வ பாத்தாரு.

அகராதி ஆபீசருகிட்ட போச்சு. அவரு படிச்சுட்டு, "ரெண்டு அர்த்தமும் இருக்குது. நீங்க எந்த அர்த்தம்னு நான் எப்படி நம்பறது? வீட்டுக்காரரே வந்து சொல்லட்டும்"ன்னாரு.

வீட்டுக்காரரு வரணுமே! பத்தர மணி பஸ்ஸு வழியில படுத்துடுச்சு. பாதி தூரம் மாட்டு வண்டி, மீதி தூரம் நடராஜா சர்வீசு. அவரு வந்து நின்னப்ப மணி அஞ்சு. தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி, வயித்துல காலையில குடிச்ச கஞ்சி. ஆபீசே எழுந்து நின்னு பாக்குது. தனக்குத்தான் மரியாதன்னு அவரும் ஒரு கும்புடு போட்டாரு.

ஓட்டோ அவரத் தலையிலருந்து கால் வரைக்கும் பாத்தாரு. பாக்க ரொம்ப நேரம் ஆவல. எங்க வூட்டுக்காரரு அவரு தோளுக்குக் கீழ.

ஆபீசரு கேட்டாரு. "இந்த ரெண்டு பேருக்கும் நீங்கதான் வீட்டுக்காரரா?"

நான் கண்ணாலயே தடுத்தேன். அவரு எம்மூஞ்சிய என்னிக்குப் பாத்தாரு!

"ஆமாங்க!"ன்னாரு. பெருமையா! "ரெண்டு பேரும் தங்கமான மனுசிங்க. இதுவரைக்கும் ஒரு கொற சொன்னதில்ல. எடம் இருந்தா இன்னும் ஒருத்தரக்கூட வச்சுக்கலாம்."

பியூனு சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். தோளு மட்டும் குலுங்குது.

அந்த நேரம் வாசல்ல எங்க அத்தை! கையில தூக்கு.

ஏன்னா, நாங்க பொழுது சாஞ்சா சாப்புட மாட்டோம். வெளக்கு வச்சப்பறம் ஒரு பருக்க வாயில வைக்கக் கூடாது. புள்ள பட்டினியாக் கெடப்பானேன்னு தூக்குல சோத்தப் போட்டு எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டாங்க. சூரியன் வேற ராஜகிரிய நெருங்கிடுச்சு.

"டேய், மொதல்ல சாப்டுறா! மலைக்குப் பின்னாடி போவப் போவுது!"

"இருங்கம்மா"ன்னாரு ஆபீசரு. "இந்த வெள்ளக்காரம்மா உங்க வூட்ல இன்னா மொறையில இருக்காங்க?"

"அவளா? ரெண்டு வருசமா எங்க வூட்லதான் குடித்தனம் பண்றா."

நான் தலையில கைய வச்சுக்கிட்டு கீழ ஒக்காந்துட்டேன். குடக்கூலிக்கு இருக்கறவங்கள நாங்க குடித்தனம்னுதான் சொல்லுவோம். ஆனா அன்னிக்கு, அந்த ஆபீசுல, அந்த வார்த்தையா கெடச்சுது அவங்களுக்கு!

குமாஸ்தா, "எழுதிக்கட்டுமா சார்?"ன்னாரு.

ஆபீசரு யோசிச்சாரு. பேனாவக் கீழ வச்சுட்டு கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு. "பாட்டிம்மா, உங்களுக்கு எத்தன மருமவ?"

எங்க அத்தை என்னப் பாத்தாங்க. "ஒருத்தி. பருப்ப அடுப்புல போட்டுட்டு மறந்து ஊர் சுத்தற இந்த ஒருத்தியையே என்னால தாங்க முடியல. இன்னொருத்தி வேறயா? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

ஆபீசரு சிரிச்சுட்டாரு! அந்த மனுசனுக்குப் பல்லு இருக்கறதே அப்பதான் தெரிஞ்சுது. "பாரத்தத் திருத்துங்க. இந்தம்மா சொல்றது பொய்யில்ல"ன்னாரு.

அகராதி சொல்லி நம்பல. நான் அழுது நம்பல. எங்க அத்தை என்னத் திட்டுனதத்தான் கவர்ன்மென்ட் சாட்சியா ஏத்துக்கிச்சு.

குமாஸ்தா பாரத்த வச்சுக்கிட்டுத் தலையச் சொறிஞ்சாரு. மையில எழுதிட்டாரே! அப்பறம் அவரே கண்டுபுடிச்சாரு. ஹஸ்பெண்டுக்கும் ஹவுஸுக்கும் இங்கிலீசுல மொத எழுத்து ஒண்ணுதானாம். அத மட்டும் வுட்டுட்டு மிச்சத்த அடிச்சு மேல எழுதுனாரு. எங்க வூட்டுக்காரரு கையெழுத்துப் போட்டாரு. முத்திரையும் வுழுந்துச்சு. ஏலக்காம்மாவுக்கு இன்னொரு மழை கெடச்சுடுச்சு.

பெஞ்சு மேல அந்த ஒத்த டிக்கெட்டு மட்டும் அப்படியே கெடந்துச்சு.

ஏலக்காம்மா அத எடுத்து ஓட்டோ கையில குடுத்தா. குடுத்துட்டு அவரு கைய வுடல. மெதுவா ஏதோ சொன்னா. இன்னா சொன்னான்னு அப்பறம் எங்கிட்ட சொன்னா. "நீ போனால் நான் அழுவேன். ஆனால் அழுதுகொண்டே பூச்சி பிடிப்பேன்"ன்னாளாம்.

அவரு ரெண்டு டிக்கெட்டையும் சேத்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. எங்க வூட்டுக்காரர இன்னொரு தடவ பாத்தாரு. அப்பறம் ரெண்டையும் அகராதிக்குள்ள சொருவிட்டு குமாஸ்தா மேஜைக்குப் போயி நின்னாரு.

"ஒன் பாரம். பார் மீ."

ஏன் இருந்துட்டீங்கன்னு பின்னாடி ஒரு நாளு ஏலக்காம்மாவ வுட்டு ஓட்டோவக் கேட்டேன். "அந்த ஒரு மணி நேரம் அவள இன்னொருத்தன் பொண்டாட்டின்னு நெனச்சு ஒக்காந்திருந்தேன். அதுக்கு ஒரு மழை காத்திருக்கறது சுலபம்"ன்னாரு.

அந்த நேரத்துல எனக்கு அதெல்லாம் கவனிக்க எங்க நேரம்? வாசல்ல வேற ஒரு பஞ்சாயத்து. சூரியன் ராஜகிரிக்குப் பின்னாடி போயிடுச்சு. எங்க வூட்டுக்காரரு, "அஸ்தமனம் ஆயிடுச்சும்மா, வேணாம்"ங்கறாரு. அத்தை, "அது மல மறைக்குதுடா! அந்தாண்ட இருக்கறவனுக்கு இன்னும் பொழுது இருக்குது, சாப்டு!"ங்கறாங்க. தூக்கத் தொறந்தா, நான் காலையில போட்டுட்டு வந்த பருப்பு. கரிக்கட்டயா! அதையும் அவரு பசியில ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டுக்கறாரு.

உள்ள குமாஸ்தா ஓட்டோவக் கேக்கறாரு. "எந்த தேசம்?" "ஜெர்மனி." "யார்கூட தங்குவீங்க?"

ஓட்டோவுக்குத் தமிழு தெரியாது. ஆனா மத்தியானத்துலருந்து ஒரே ஒரு வார்த்தைய நூறு தடவ கேட்டிருக்காரு. வாசல்ல வாய் நெறையச் சோத்தோட நிக்கற எங்க வூட்டுக்காரரக் கை நீட்டிக் காட்டி, கம்பீரமாச் சொன்னாரு.

"என் வீட்டுக்காரர்!"

எங்க வூட்டுக்காரருக்குப் பொற ஏறிடுச்சு. குமாஸ்தா பேனாவக் கீழ போட்டாரு. பியூனு இந்த தடவ சுவத்துப் பக்கமெல்லாம் திரும்பல. தரையிலயே ஒக்காந்துட்டான்.

எனக்கு எங்கருந்து அவ்ளோ சத்தம் வந்துச்சோ! "சந்திரநாதன்! அவரு பேரு சந்திரநாதன்! எனக்கு மட்டும்தான் புருசன்! மிச்சப் பேருக்கெல்லாம் மாடி!"

ஆபீசே எம்பக்கம் திரும்புச்சு.

எத்தன மருமவன்னு கேட்டப்ப எங்க அத்தை அசரல. வெள்ளக்காரன் வந்து தம்புள்ளைய வீட்டுக்காரர்னப்பவும் அசரல. இப்பத்தான் கையில இருந்த தூக்கு மூடி கீழ வுழுந்து உருளுது. "அடிப்பாவி, புருசன் பேரச் சொல்லிட்டாளே!"

ஓட்டோவுக்கு எங்க வூட்டுக் கீழ் ரூம்ல எடம் குடுத்தோம். கல்யாணம் ஆவற வரைக்கும் மாடிப்படி ஏறக் கூடாதுன்னு அத்தை உத்தரவு. ஆடி மழைக்குப் பூச்சி வந்துச்சு. ஜாடிக்கு ஓட்டோவே காவலு. மல்லாட்டை புடுங்கி முடிச்சு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கப்பல் ஏறுனாங்க. எங்க வூட்டுக்காரரு எம்பது வயசு வரைக்கும் கல்லாட்டம் இருந்தாரு. பேரு சொன்னா ஆயுசு கொறையும்னதெல்லாம் சும்மா.

அன்னியிலருந்து வாசல்ல யாரு வந்து "வூட்டுக்காரரு இருக்காரா?"ன்னு கேட்டாலும், "உங்களுக்கா, எனக்கா?"ன்னு கேட்டுட்டுதான் கதவத் தொறப்பேன்.